யார் வைத்த தண்டல்?

பிப்ரவரி 2

இந்த டைரி ஜவுளிக்கடையில் கொடுத்தது. போன பயணம் முடிந்து வீட்டுக்குப் போனபோது திரேசு, "கடல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். "ஒண்ணுமில்லாமயா மனுசன் ஒரு மாசம் கடல்ல கெடந்துட்டு வாரான்? இந்தத் தடவ எழுதிக்கிட்டு வாரும், நான் படிச்சுக்கிடுதேன்" என்று பெட்டியில் வைத்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்னதை நான் செய்யாமல் இருந்ததில்லை. ஆகவே எழுதுகிறேன்.

காலையில் தூத்துக்குடியை விட்டோம். மாலத்தீவில் மாலேக்குச் சரக்கு: வெங்காயம், உருளைக்கிழங்கு, அடியில் செங்கல். தொம்மை அண்ணன்தான் தண்டல். தோணி கரையை விட்டபிறகு தண்டல் சொல்வதுதான் சட்டம். அவருக்கு அடுத்து நான். புறப்படும்போது மிராண்டா முதலாளி எல்லோர் முன்பாகவும், "தொம்மைக்கு ஒண்ணுன்னா கஸ்பார் பாத்துக்கிடுவான்" என்றார். முதலாளி திரேசுக்குப் பெரியம்மா மகன். அதற்காகச் சொன்னதாக மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாடைக்காற்று முதுகைத் தட்டிக்கொடுத்த மாதிரி வீசுகிறது. கருவாட்டுக் குழம்பு.

பிப்ரவரி 3

பண்டாரி பிச்சைக்கனி சமையலுக்கு உருளைக்கிழங்கு எடுக்கப் போனான். மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டை வாந்தி எடுத்தது. அலறிக்கொண்டு ஓடி வந்தான்.

பார்த்தால் ஆள். கொம்பையா என்று பெயர், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கொத்தனார். மாலேயில் கட்டட வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, செங்கல் ஏற்ற வந்தவன் செங்கலோடு தங்கிவிட்டான். தொம்மை அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏல, அங்க எறங்குனா ஒன்னயும் பிடிச்சு உள்ள போடுவான், என்னயும் போடுவான்" என்று அரை நாள் திட்டினார். திட்டி முடித்ததும், "சாப்பிட்டியால?" என்று கேட்டார்.

பிப்ரவரி 5

எஞ்சினிலிருந்து, தோணியைத் தள்ளும் விசிறிக்குப் போகும் தண்டு முறிந்துவிட்டது. எஞ்சின் பார்க்கும் சூசையும் அவன் தம்பி லூக்காசும் நாள் முழுக்க கிரீசில் முங்கிக் கிடந்தார்கள். கடலில் வைத்துச் சரிசெய்கிற காரியம் இல்லை. தொம்மை அண்ணனுக்கு வயிற்றுவலி.

பிப்ரவரி 6

நீரோட்டம் இழுத்துப்போய் ஒரு மணல்திட்டுக்குப் பக்கத்தில் விட்டது. பவளப்பாருக்கு உள்ளே கடல் குளம் மாதிரி இருக்கிறது. நங்கூரம் போட்டாயிற்று. திட்டில் ஒரு மரம், ஒரு புல் கிடையாது. விடியற்காலையில் தெளிவாக இருந்தால் தென்மேற்கே தென்னந்தலைகள் தெரிகின்றன. கண்ணுக்குத்தான் பக்கம்.

சின்ன வள்ளம் ஒன்று இருந்தால் யாராவது போய்ப் பார்க்கலாம். பழைய வள்ளம் உடைந்த பிறகு முதலாளி புதிது வாங்கவில்லை. அவருக்கும் எத்தனையோ செலவு.

பிப்ரவரி 8

மீன்பிடிக்கும் தீவுக்காரர்கள் கண்டுகொண்டு வந்தார்கள். ஒடுக்கமான படகு, நிறைய மீன், நிறையச் சிரிப்பு. அவர்கள் பாஷை எங்களில் மீரான் காக்காவுக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். காயல்பட்டினத்து மனிதர், அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம், அதனால் எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான். தொம்மை அண்ணன் வலி தாங்காமல் சுருண்டு கிடந்தார். அவரை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். மாலே ஆஸ்பத்திரியில் சேர்த்து, எங்களைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னார்கள். தங்களிடம் இருந்த இளநீரையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

படகில் இறக்கும்போது அண்ணன் என் கையைப் பிடித்து, "இங்கயே இரும். ஆளுகளப் பாத்துக்கிடும்" என்றார். சாவியைக் கொடுத்தார். குடிதண்ணீர்ப் பீப்பாய்க்கான சாவி.

ஆக நான் தண்டல். திரேசு, உன் அண்ணன் சொன்னபடியே நடந்துவிட்டது.

பிப்ரவரி 9

பீப்பாய்களைத் தட்டிப் பார்த்தேன். ஒன்று நிறைய, ஒன்று பாதிக்குக் கீழே. இன்றிலிருந்து அளவு. ஆளுக்குக் காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு. தண்டலுக்கு இரட்டை, எங்கள் தோணியில் அது வழக்கம். கொம்பையாவுக்கு அரை. அவன் ஆள் கணக்கில் இல்லாதவன்.

இதை ஏற்பாடு செய்து முடித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு ஒழுங்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 11

நல்ல நாள். லூக்காஸ் தூண்டிலில் பெரிய பாறை மீன் ஒன்று ஏறியது. கொம்பையாவுக்குக் குமட்டல் நின்றுவிட்டது. நின்றதும் கை சும்மா இருக்கவில்லை. சரக்குச் செங்கலை எடுத்து, களிமண் இல்லாமலே அடுக்கி, மேல்தளத்தில் ஓர் அடுப்புக் கட்டிவிட்டான். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தீ அலையவில்லை. பிச்சைக்கனி அடுப்பை மூன்று முறை சுற்றி வந்து, "இத வீட்டுக்குக் கொண்டு போவ முடியுமா?" என்று கேட்டான்.

சரக்கில் கை வைத்ததற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மீன் வெந்த வாசனையில் மறந்துபோனேன்.

சாயங்காலம் நாங்கள் செபமாலை சொன்னோம். மீரான் காக்கா மறுபக்கம் தொழுதார். கொம்பையா இரண்டுக்கும் நடுவே கைகட்டி நின்றான்.

பிப்ரவரி 12

யாரும் வரவில்லை. அருளப்பன் காலையிலேயே ஆரம்பித்தான். அவனுக்கு வாய் நீளம், வேலை அதைவிட நீளம். வீட்டில் பெண்டாட்டிக்கு இது மாசம்.

"அண்ணே, பாய ஏத்தி அந்தத் தென்னமரத்தப் பாத்துப் போயிருவோம். காத்து நமக்குத் தோதாத்தான அடிக்கி?"

"பாருல மோதுனா தோணி போயிரும்ல. முதலாளிக்கு யாரு பதில் சொல்ல?"

"இங்கயே கெடந்தா நம்ம போயிருவோமே. அதுக்கு யாரு பதில் சொல்ல?"

தண்டல் நான்தான், நங்கூரம் கிடக்கிற இடத்தில் கிடக்கும் என்று சொல்லிவிட்டேன். சத்தமாகச் சொன்னேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மீரான் காக்கா தன் செம்பில் பாதியைக் கொம்பையாவின் குவளையில் ஊற்றுவதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். தொம்மை அண்ணன் தன் இரண்டாவது செம்பைச் சோற்றுப் பானையில்தான் ஊற்றுவார் என்று பிச்சைக்கனி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் அவரோடு வந்திருக்கிறேன், எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 13

வெயில். கிழிந்த பாயைத் தைத்தேன். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14

காலையில் பீப்பாயைத் திறந்து செம்போடு நின்றேன். யாரும் வரவில்லை. கூப்பிட்டேன். அருளப்பன் மட்டும் வந்தான். கையில் குவளை இல்லை.

"வேண்டாம்ணே."

"என்னல வேண்டாம்?"

"தண்ணி வேண்டாம். எல்லாருக்கும் ஒரே அளவு வார வரைக்கும் எங்க யாருக்கும் வேண்டாம்."

"ஏல, நான் இந்தத் தோணித் தண்டல். தெரியுமா?"

"யாரு வச்ச தண்டல்?"

"முதலாளி வச்ச தண்டல்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "தோணி முதலாளியோடதுண்ணே" என்றான். "மரம், ஆணி, பாயி, கயிறு எல்லாம் அவரோடது. இதுக்குள்ள கெடக்க உசுரு எங்களோடதுல்லா? அதுக்குத் தண்டலு யாருன்னு எங்ககிட்ட யாராவது கேட்டீங்களா?"

போய்விட்டான்.

நான் செம்பைப் பிடித்தபடி நின்றேன். வேலை எதுவும் நிற்கவில்லை. அடித்தளத்தில் ஊறிய தண்ணீரைச் சூசையும் லூக்காசும் இறைத்தார்கள். பிச்சைக்கனி கடல்தண்ணீரில் கிழங்கு அவித்தான். மீரான் காக்கா கயிறு முறுக்கினார். யாரும் என்னை ஏசவில்லை, முறைக்கவும் இல்லை. என்னைத் தவிர எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

என் பங்கைக் குடித்தேன். உப்புக் கரித்தது. பீப்பாயில் கடல்தண்ணீர் கசிந்துவிட்டதோ என்று இன்னொரு முறை மொண்டு பார்த்தேன். இல்லை, நல்ல தண்ணீர்தான்.

உச்சி வெயிலில் சூசையின் உதடு வெடித்து ரத்தம் வந்தது. கொம்பையா என்னிடம் வந்து, "அண்ணாச்சி, என்னால வந்த சண்ட. எனக்குத் தண்ணியே வேண்டாம், அவங்களக் குடிக்கச் சொல்லுங்க" என்றான். அரைச் செம்பு என்று நான் அளந்தபோதெல்லாம் அவன் இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்கினான் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

சாவியைக் கொண்டுபோய்ப் பாய்மரத்து ஆணியில் மாட்டினேன். "வாங்க" என்றேன். "எல்லாருக்கும் ஒரே அளவு. காக்கா, நீங்களே ஊத்துங்க."

வந்தார்கள். ஒருவரும் வெற்றி பெற்ற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. பிச்சைக்கனி மட்டும், "கிழங்கு ஆறிப்போச்சு, மொதல்ல அதத் தின்னுங்க" என்று சிடுசிடுத்தான். அந்தச் சிடுசிடுப்பு காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று எழுதினால் திரேசு சிரிப்பாள்.

பிப்ரவரி 15

சாவி ஆணியில் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யாரும் எடுக்கவில்லை. பூட்டி வைத்திருந்தபோது ராவெல்லாம் காவல் இருந்தேன். நேற்று நன்றாகத் தூங்கினேன்.

காலையில் பாயின் நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். அரைச் செம்புப் பேச்சை நானே எடுத்தேன். முதலாளியின் ஆள் கணக்கில் கொம்பையா இல்லை என்பதுதான் என் மனதில் இருந்தது, வேறு கெட்ட எண்ணம் இல்லை என்றேன்.

மீரான் காக்கா கயிற்றைக் கீழே வைத்தார். "தாகத்தக் குடுத்தது முதலாளியா? படைச்சவன். தாகம் எங்கேருந்து வந்துச்சோ, தண்ணிக்கு உள்ள பாத்தியதையும் அங்கேருந்துதான் வருது. நடுவுல நாம யாரு?"

"படைச்சவன எதுக்கு இழுக்கீரு, காக்கா?" என்றான் அருளப்பன். "அவன் மனுசன், பொறந்துட்டான், குடிக்கணும். அம்புட்டுத்தான். சாமி இல்லன்னு சொல்லுதவனுக்கும் நாக்கு வறளத்தான செய்யும்?"

"சட்டம்னு ஒண்ணு இருக்குடே" என்றான் பிச்சைக்கனி. "எல்லாருக்கும் உரிமை உண்டுன்னு அதுல எழுதியிருக்கு. அதுலேருந்துதான் வருது."

"சட்டம் கரையில கெடக்கு. இங்க மீனுதான் கெடக்கு" என்றான் அருளப்பன்.

"எழுதுறதுக்கு முன்னாடி மட்டும் தாகம் எடுக்கலியா?" என்று லூக்காஸ் கேட்டான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

பிச்சைக்கனி யோசித்தான். "அப்போ எழுதுனவங்க புதுசாக் குடுக்கல. இருந்ததப் பாத்து எழுதியிருக்காங்க" என்று தன் கட்சியைத் தானே மாற்றிக்கொண்டான். எல்லோரும் சிரித்தோம். மூவரும் மூன்று திக்கிலிருந்து புறப்பட்டு ஒரே செம்பில் வந்து நின்றார்கள்.

பிறகு தண்டல் பேச்சு. காக்காவே இருக்கட்டும் என்றேன். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, அலையும் பாரும் ஒன்றாகத் தெரிகிறது என்று அவர் மறுத்தார். அருளப்பனைக் கேட்டோம். "என் வாய நானே நம்ப மாட்டேன்" என்றான்.

"கஸ்பாரே இருக்கட்டும்" என்றார் காக்கா. "பாய் தெரிஞ்ச ஆளு. தப்புன்னு தெரிஞ்சதும் சாவியக் கொண்டு மாட்டினாருல்லா? ஆனா இந்தத் தடவ நாம கேட்டு வைப்போம். முதலாளி வச்சதா இருக்கப்பிடாது."

முகத்துக்கு நேராக யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள் என்பதால், ஒரு கூடையைச் சாக்கால் மூடி வைத்தோம். நான் தண்டலாக இருக்கச் சம்மதம் என்றால் வெங்காயம், இல்லை என்றால் உருளைக்கிழங்கு. கொம்பையாவுக்கும் உண்டா என்று சூசை கேட்டான். "அவன் உசுரும் இதுக்குள்ளதான கெடக்கு?" என்று அருளப்பன் சொல்ல, கொம்பையாவும் போட்டான். ஓட்டப்பிடாரத்தில்கூடத் தன்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றான்.

சாக்கை எடுத்தால் எல்லாம் வெங்காயம், ஒன்றே ஒன்று உருளைக்கிழங்கு. அருளப்பன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். கண்டுபிடிக்கிறதற்கா மூடி வைத்துப் போட்டோம்? திரேசு, நீயும் கேட்காதே.

வெங்காயமும் கிழங்கும் சேர்த்து மத்தியானம் குழம்பு.

பிப்ரவரி 16

இருப்பதா, போவதா என்று பேசினோம். இருக்கலாம் என்று நான் சொன்னேன். பார் இருக்கிறது, எஞ்சின் இல்லை, தொம்மை அண்ணன் இருக்கச் சொன்னார் என்று எல்லாக் காரணமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு கை தூக்கினோம். சூசையும் நானும் ஒரு பக்கம், மற்ற ஐந்து பேரும் மறுபக்கம்.

தோற்ற தண்டல் என்ன செய்வது? பாயை இறக்கிப் பார்த்தேன், ஓட்டைகளைத் தைத்தேன், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னேன். சொன்ன இடத்தில் நின்றார்கள். முன்பு நான் ஒன்றைச் சொன்னால் ஏன் என்று யாராவது கேட்பார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம் இருக்கும். இன்று அதைக் காணவில்லை. ஏன் என்பதைத்தான் முன்னாலேயே பேசி முடித்துவிட்டோமே.

பிப்ரவரி 17

காலையில் நங்கூரம் தூக்கினோம். பெரிய பாய், காய்ந்தாலும் கல் கனம். ஏழு பேரும் ஒன்றாக இழுத்தால்தான் ஏறும். கொம்பையா உள்ளங்கை கொத்தனார்க் கை, கயிறு அவனை ஒன்றும் செய்யவில்லை. இருபது வருடமாகப் பாய் ஏற்றுகிறேன். தண்டல் எவ்வளவு கத்தினாலும் ஒருத்தனாக ஏற்ற முடியாது என்பதை இன்றுதான் யோசித்தேன்.

பார் வாய் வழியாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தோம். லூக்காஸ் பாட்டுப் பாடினான். நான் சொன்னது தப்பு, அவர்கள் சொன்னதுதான் சரி. சந்தோஷமாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 18

அவசரப்பட்டு எழுதிவிட்டேன். நேற்று மாலையில் காற்று செத்தது. நீரோட்டம் எங்களைத் தென்னந்தலைகளுக்குப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போயிற்று. இன்று காலையில் பார்த்தால் கரை மெல்லப் பின்னால் போகிறது. பாய் துவைத்துக் காயப்போட்ட சேலை மாதிரி தொங்குகிறது.

பீப்பாயைச் சாய்த்துத்தான் மொள்ள வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வேளைதான் என்று எல்லோருமாக முடிவு செய்தோம். அதுவரை சரி. அதற்கப்புறம் அருளப்பன் எழுந்தான். கண் உள்ளே போயிருந்தது.

"ஒண்ணு சொல்லுதேன், யாரும் தப்பா நினைக்கப்பிடாது. கொம்பையாவுக்கு அரைச் செம்பு போதும்."

காக்கா ஏதோ சொல்ல வந்தார், அருளப்பன் விடவில்லை.

"அன்னைக்கு வேற, இன்னைக்கு வேற. நாம தொழிலுக்கு வந்தவங்க. அவன் தானா வந்து ஏறுனவன். எம் பிள்ள மொகத்த நான் இன்னும் பாக்கல. கை தூக்குவோம். நாமதான் கை தூக்கி முடிவு பண்ணுதோம்னு வச்சிருக்கோம்லா?"

அவன் கை முதலில் ஏறியது. சூசை தூக்கினான். தம்பியைப் பார்த்தான், லூக்காசும் தூக்கினான். பிச்சைக்கனி தலையைக் குனிந்துகொண்டே தூக்கினான். நாலு. ஏழில் நாலு.

கொம்பையா, "சரிதான் அண்ணாச்சி, நான் கொஞ்சமாக் குடிச்சுக்கிடுதேன்" என்றான்.

"நீ சும்மா இரு" என்றேன். "இது ஒனக்காகப் பேசுறது இல்ல." மற்றவர்கள் பக்கம் திரும்பினேன். "எங்க போகணும்னு கை தூக்குனீங்க, நான் தோத்தேன், பாய் ஏத்துனேன். இன்னைக்கும் அப்படித்தான். ஆனா இன்னொருத்தன் தாகத்துக்குக் கை தூக்க முடியாது. அது நம்ம கையில குடுத்த சாமான் இல்ல."

"நாங்க வச்ச தண்டல் நீரு. நாங்க சொன்னதக் கேக்கணும்" என்றான் அருளப்பன்.

"ஆமாடே, நீங்க வச்ச தண்டல்தான். வேண்டாம்னா எறக்கிருங்க, கூடையக் கொண்டாங்க, எறங்கிக்கிடுதேன். ஆனா எனக்குப் பொறவு யார வச்சாலும் அவனுக்கும் இந்த அதிகாரம் கெடையாது. முதலாளி வச்ச தண்டல்னு சொல்லி நான் அரை ஊத்துனேன். ஏழு பேரு சொல்லி ஊத்துனா மட்டும் அது முழுசாயிருமா?"

பிச்சைக்கனியின் கை முதலில் இறங்கியது. பிறகு லூக்காஸ். சூசை எப்போது இறக்கினான் என்று தெரியவில்லை. அருளப்பன் கை மட்டும் கொஞ்ச நேரம் மேலே இருந்தது. அது இறங்காமல் இருந்ததா, அவன் அதை மறந்துவிட்டானா தெரியவில்லை. மீரான் காக்கா போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அருளப்பன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

மாலையில் தண்ணீர் ஊற்றும் முறை அவனுக்கு. கொம்பையாவுக்குத்தான் முதலில் ஊற்றினான். விளிம்பு வரை ஊற்றினான். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை.

பிப்ரவரி 19

காற்று!

பிப்ரவரி 21

எழுத நேரம் கிடைக்கவில்லை, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

அன்று விடியும்போது கொண்டல்காற்று எழுந்து பாய் பட்டென்று விரிந்தது. அருளப்பன் பாய்மரத்து உச்சியில் ஏறி, பச்சைத் தண்ணீர் எங்கே, நீலத் தண்ணீர் எங்கே என்று கத்த, நான் சுக்கானைப் பிடித்தேன். அடியில் ஒரு முறை பார் உரசியது. தோணி முனகியது, அவ்வளவுதான். பிறகு வெள்ளை மணல், தென்னை, ஓடி வரும் பிள்ளைகள்.

கிணற்றுத் தண்ணீர் லேசாகக் கரிக்கிறது. இதைவிட ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை. தீவுக்காரர்கள் மாசிக் கருவாடும் தேங்காயும் தட்டுத்தட்டாகக் கொண்டு வந்தார்கள். எங்களைத் தேடி மாலேயிலிருந்து போன படகு வேறு திட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். தொம்மை அண்ணன் ஆபரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறாராம்.

தீவின் பெரியவர் வந்து, "கேப்டன் யார்?" என்று கேட்டார். ஆறு பேரும் என்னைக் கை காட்டினார்கள். திரேசு, நம் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு கூச்சப்படவில்லை.

மார்ச் 12

வீடு. வேறொரு தோணி எங்களை மாலேக்கு இழுத்துப் போய், தண்டு மாற்றி, சரக்கு இறக்கி, ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். கொம்பையாவை அங்கே இறங்கவிடவில்லை, எங்களோடேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது பிச்சைக்கனி வீட்டில் அடுப்புக் கட்டுகிறான், கூலி உண்டு. அருளப்பனுக்குப் பெண் குழந்தை.

நான் தூங்கும்போது திரேசு டைரியைப் படித்திருக்கிறாள். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்தாளாம். "அண்ணன் வச்சதுக்கு, அவங்க வச்சது எவ்வளவோ மேல்" என்று மட்டும் சொன்னாள். பிறகு, பஞ்சாயத்துத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவேன் என்று உமக்கே சொல்லமாட்டேன் என்றாள். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 20

முதலாளி தோணித்துறைக்குக் காரில் வந்தார். சரக்கு சேதமில்லாமல் சேர்ந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. தொம்மை அண்ணன் இந்த வருடம் கடலுக்குப் போகமுடியாது.

"கஸ்பார், இனிமே நீதான் தண்டல். நாளான்னைக்குப் புறப்படு."

"சரி முதலாளி. ஆளுககிட்டக் கேட்டுச் சொல்லுதேன்."

"ஆளுககிட்ட என்னத்தக் கேக்க?"

"நான் தண்டலா இருக்கலாமான்னு."

அவர் என்னையே பார்த்தார். "தோணி என்னுதுடே."

"தோணி உங்களதுதான். அதுல ஒரு சந்தேகமும் இல்ல. வள்ளம் ஒண்ணு வாங்கணும்னும் பேசுவாங்க. அதயும் கேட்டுச் சொல்லுதேன்."

மிராண்டா முதலாளி கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். நாங்கள் தோணி நிழலில் மணலில் வட்டமாக உட்கார்ந்தோம். புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள், அவர்களுக்கு எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. வள்ளத்தைப் பற்றிப் பேச்சு நீண்டது. அதன்பிறகு புதியவர்களில் ஒருவன் தண்ணீரைப் பற்றிக் கேட்டான். பிச்சைக்கனி அடுப்பைப் பற்றி ஆரம்பித்தான். என் பெயர் இன்னும் வரவே இல்லை. எனக்கு அவசரமும் இல்லை.

காருக்குள் வெக்கை தாங்காமல் முதலாளி இறங்கி, மணலில் நடந்து எங்கள் வட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கம்போல எல்லோரும் எழுந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். யாருக்கும் அது தோன்றவில்லை, பேச்சு அப்படிச் சூடாக இருந்தது.

"முடிஞ்சுதாடே?" என்று கேட்டார்.

அருளப்பன் நிமிர்ந்து பார்த்தான். நகர்ந்து, தன் பக்கத்தில் நிழலில் கொஞ்சம் இடம் விட்டான்.

"இன்னும் இல்ல, முதலாளி. இரும்."

இருந்தார்.